பல்கலைக்கழகத்தின் வரிக்கணக்கு: அந்த உழைப்பை மதிப்பது எப்படி?

கல்வி நிலையம் வரி கட்ட வேண்டுமா? இந்தக் கேள்விக்குத் தமிழ் மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. பல்லவர் காலத்துச் செப்பேடு தொடங்கி 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வரை ஒவ்வொரு காலமும் தனக்கென்று ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் கூடவே இன்னொரு கேள்வியும் இருந்துவந்திருக்கிறது. வரி வேண்டாம் என்று அரசு எழுதிக் கொடுத்த பிறகும் அந்தச் சலுகை தானாக நிலைப்பதில்லை. யாரோ ஒருவர் கணக்கெழுதி, படிவம் நிரப்பி, கெடு தவறாமல் தாக்கல் செய்து, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதி அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் சிறந்தது எது, அதை எதைக்கொண்டு அளப்பது, அளந்தபின் எப்படிச் சிறப்பிப்பது?

முதல் கேள்வியைப் பற்றி நூலகங்கள் நிறைய எழுதியாயிற்று. இரண்டாவது இந்தியாவில் பேச்சளவிலும் அதிகம் எழவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலை. வரிவிலக்குக்கு எந்தக் காரணம் சொல்லப்படுகிறதோ அதைப் பொறுத்தே அதைக் காப்பவரின் வேலையும் மாறுகிறது.

திருவக்கரையைச் சுற்றியுள்ள சான்றுகள்

முதல் கேள்விக்கான பழைய விடையைத் தேட ஓர் ஊரிலிருந்து தொடங்கலாம். விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரையை இன்று பலரும் அறிவது வக்கிரகாளிக்காகவும் கல்மரப் பூங்காவுக்காகவும். சோழ அரசி செம்பியன் மாதேவி 1001இல் இங்கே ஒரு கற்றளி எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இந்த ஊரை மையமாக வைத்து ஒரு நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய தொலைவுக்குள், இடைக்காலக் கல்வி நிலையங்களின் கணக்கைச் சொல்லும் மூன்று முக்கியமான ஆவணங்களின் ஊர்கள் உள்ளன.

காலத்தால் மூத்தது புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, வாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்காடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களை அளித்ததைப் பதிவுசெய்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. அடுத்தது விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர். இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் என்று ஒவ்வொருவருக்கும் அளவு குறித்திருக்கிறது. மூன்றாவது திருபுவனை. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048 வாக்கில், அங்கிருந்த கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர். அதற்கு 72 வேலி நிலம். அந்த ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியப் பணிகளில் ஈடுபட வேண்டியதில்லை என்ற விலக்கும் தரப்பட்டிருந்தது.

இந்த ஆவணங்களைக் கல்வியின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வரிக் கணக்காகவும் இவற்றைப் படிக்கலாம். அக்காலத்தில் ஒரு நிலம் இறையிலி, அதாவது வரியற்றது, ஆகிவிட்டால் அதன் வரி எப்போதும் மறைந்துபோய்விடவில்லை. ஊர்க்கீழ் இறையிலி என்ற முறையில், கொடையாளரிடம் ஒரு தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு அந்த நிலத்தின் வரியை ஊர்ச்சபையே தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு தொகை வாங்கினால் ஆண்டாண்டு வரிக்கு ஈடாகும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த யாரோவுக்குச் சோழர் ஆட்சியில் பதவிப் பெயர் இருந்தது. சில இடங்களில் சொந்தப் பெயரும் பதிவாகியிருக்கிறது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரைக்கு இராசராசன் அளித்த ஊரைப் பற்றிய ஆனைமங்கலச் செப்பேடுகளில், அந்த ஊரை இறையிலியாக வரிக் கணக்கில் ஏற்றியபோது உடனிருந்த புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை அலுவலர்களின் வரிசை நீண்டு செல்கிறது. வாகூர்ச் செப்பேட்டை எழுதியவன் உதிதோதயன் என்னும் பொற்கொல்லன் என்பதும் அதே ஏட்டில் பதிவாகியிருக்கிறது. கொடுத்த மன்னனுக்கு மெய்க்கீர்த்தி. கணக்கில் ஏற்றியவருக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி பாராட்டுக்காக எழுதப்பட்டதா, பின்னால் தகராறு வந்தால் பொறுப்பேற்கச் செய்ய எழுதப்பட்டதா என்பதில் இருவிதமாகவும் வாதிட இடமுண்டு. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம்.

இந்த முறையைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணாயிரத்தில் கற்பிக்கப்பட்டவை வேதங்களும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும். படித்தவர்கள் ஒரு குறுகிய வட்டத்தினர். அந்த 45 வேலியை உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்ததாகக் கருத ஆதாரமில்லை. கல்விக்கு வரிவிலக்கு தருவது எப்போதும் வேறொருவர் தோளில் ஒரு பங்கை ஏற்றுவதுதான். இந்த உண்மை பதினோராம் நூற்றாண்டுக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வந்தபோது சோதனை ஆவணத்தின் பக்கம் திரும்பியது. 1858இல் அமைக்கப்பட்ட அந்தக் கமிஷன், வரியில்லாமல் அனுபவிக்கப்பட்ட நிலங்கள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தது. சமய, தரும இனாம்கள், அவற்றுக்குரிய பணி நடந்துவரும்வரை தொடரும் என்று உறுதிசெய்யப்பட்டன. தனிநபர் இனாம்களுக்குச் சிறு வரி விதித்து உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. முன்னோர் கொடுத்தது என்ற சொல் மட்டும் போதாது, காட்ட ஏடு வேண்டும், பணியும் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிலை அங்கே அழுத்தம் பெற்றது. இன்றைய வரிச் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதையேதான்.

அறம், அரசுப் பணம், வணிகம்: விலக்குக்கு மூன்று அடிப்படைகள்

நவீனச் சட்டத்தில் முதல் நிலைப்பாடு நோக்கத்தைப் பார்ப்பது. 1891இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை பெம்சல் வழக்கில் அறம் என்பதை நான்கு தலைப்புகளில் வகுத்தது. வறுமை நீக்கம், கல்வி, சமயம், பொதுநலம். கல்வி வளர்ப்பது தன்னளவிலேயே அறம் என்ற இந்தக் கருத்து இந்திய வருமான வரிச் சட்டத்திலும் ஊறியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(22) பிரிவு, லாப நோக்கமின்றிக் கல்விக்காகவே இயங்கும் பல்கலைக்கழகத்தின் வருமானத்துக்கு முழு விலக்குத் தந்தது. திருச்செந்தூரில் கல்லூரிகள் நடத்தும் ஆதித்தனார் கல்வி நிறுவனத்தின் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், செலவு போக உபரி மிஞ்சுவதாலேயே கல்வி நோக்கம் கெட்டுவிடாது என்று சொன்னது. இந்தியா முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. பிறந்த இடம் தமிழ்நாடு.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், நோக்கத்தை வெளியிலிருந்து அளக்க முடியாதது. கல்வி என்ற பெயர்ப்பலகையின் கீழ் எதுவும் நடக்கலாம். 1998ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 10(22)ஐ நீக்கி, விலக்கைப் பல அறைகளாகப் பிரித்தது. அரசு நிதியில் இயங்குபவை ஓர் அறை, சிறியவை ஓர் அறை, ஒப்புதல் பெற வேண்டிய பெரியவை இன்னோர் அறை. 2022 அக்டோபரில் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. கல்விக்காகவே என்றால் கல்வி மட்டுமே, பெரும்பாலும் கல்வி என்பது போதாது என்றது அந்தத் தீர்ப்பு.

இரண்டாவது நிலைப்பாடு பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறது. அரசு தன் பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கே வரி கேட்பது வீண்வேலை. ஆகவே அரசு நிதியால் கணிசமாக நடத்தப்படும் பல்கலைக்கழகத்துக்கு விலக்கு. கணிசம் என்றால் எவ்வளவு? 2014இல் சேர்க்கப்பட்ட 2பிபிபி விதி, மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

கேட்பதற்கு எளிய விதி இது. நடைமுறையில் கூரிய கத்தி. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டில் 200 கோடி ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். அதில் மானியம் 101 கோடி என்றால் இந்தப் பிரிவின் கீழ் முழு விலக்கு. 99 கோடி என்றால் இந்தப் பிரிவு கைவிட்டுவிடும். தொலைநிலைக் கல்வியில் கூடுதலாகச் சேர்க்கை நடந்தால் மொத்த வரவு உயர்ந்து மானியத்தின் விழுக்காடு இறங்கும். அரசு மானியத்தைக் குறைத்தாலும் தள்ளிப்போட்டாலும் அதே கதிதான். தன் சொந்தக் காலில் நிற்க முயலும் பல்கலைக்கழகம் அந்த முயற்சியாலேயே வரி வலையில் விழக்கூடும். இந்த முரண்பாட்டுக்குச் சட்டத்தில் இன்னும் நிறைவான விடை இல்லை.

கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்தக் கல்லில் இடறித்தான். அரசு மானியம் சுமார் ஒரு விழுக்காடு. பத்தாண்டு அளவில் சேர்ந்த உபரி சுமார் 500 கோடி. அதில் பெரும்பகுதி கல்லூரிகளிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் வந்த கட்டணங்கள். தமிழ்நாட்டில் இதன் எதிரொலி 2024 பிப்ரவரியில் கேட்டது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை, சுமார் 424 கோடி ரூபாய் வரி நிலுவைக்காக வருமான வரித் துறை முடக்கியதாகச் செய்தி வந்தது. மாநில அரசின் மானியம் பாதிக்குக் கீழே போய்விட்டதே மூலகாரணமாகச் சொல்லப்பட்டது. சம்பளம் வருமா, ஓய்வூதியம் வருமா என்று ஊழியர்கள் தவித்த அந்த நாட்களில்தான், பல்கலைக்கழக வரிக்கணக்கு என்ற ஒன்று இருப்பதே பலருக்கும் தெரியவந்தது.

மூன்றாவது நிலைப்பாடு பல்கலைக்கழகத்தைச் சேவை விற்கும் இடமாகப் பார்க்கிறது. சரக்கு மற்றும் சேவை வரியின் (ஜிஎஸ்டி) தர்க்கம் இது. யார் விற்கிறார் என்பதைவிட எது யாருக்கு விற்கப்படுகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவில் இன்னொரு கோணமும் சேர்ந்திருக்கிறது: பெருஞ்செல்வம் குவிந்த தனியார் பல்கலைக்கழகங்களின் நிதிய வருமானத்துக்கு 2017இல் 1.4 விழுக்காடு வரி வந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 8 விழுக்காடு வரை ஏற்றியது. யேல் பல்கலைக்கழகம், சொத்து வரி கட்டாததற்கு ஈடாக நியூ ஹேவன் நகரத்துக்கு ஆறு ஆண்டுகளில் 13.5 கோடி டாலர் தர 2021இல் ஒப்புக்கொண்டது. நகரம் தரும் சாலையும் தீயணைப்பும் கல்விக்கும் தேவை என்ற வாதத்தின் வெற்றி அது. ஊர்க்கீழ் இறையிலிக்குத் தொகை வாங்கிய சபையோர் இந்த ஒப்பந்தத்தை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

விழுப்புரத்துக் கல்லூரிவரை வரும் 18 விழுக்காடு

2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ஜிஎஸ்டியில், கல்வி நிறுவனம் தன் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஊழியருக்கும் தரும் சேவைக்கு வரி இல்லை. சிக்கல் எல்லாம் ஓரங்களில். வளாகத்தில் ஏடிஎம் வைத்திருக்கும் வங்கி தரும் வாடகைக்கு வரி உண்டு. பள்ளிக்கு வரும் காவலாளி, துப்புரவுச் சேவைக்கு விலக்கு. அதே சேவை கல்லூரிக்கு வந்தால் விலக்கு இல்லை. காவலாளிகளை அனுப்புவது தனிநபர் நடத்தும் ஏஜென்சி என்றால், பதிவுபெற்ற பல்கலைக்கழகம் அந்த வரியை ஏஜென்சிக்குப் பதிலாகத் தானே கணக்கிட்டுக் கட்ட வேண்டிவரும். மாதாமாதம் வரும் ஒரு சாதாரண வாட்ச்மேன் பில்லில் இத்தனை இருக்கிறது.

இவற்றில் பெரிய தகராறு இணைப்புக் கட்டணம். கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் இணைப்பு, மாணவருக்குத் தரும் சேவை ஆகுமா? ஆகாது, 18 விழுக்காடு வரி உண்டு என்று ஜிஎஸ்டி மன்றத்தின் 54ஆம் கூட்டத்தைத் தொடர்ந்து 2024 அக்டோபர் 11இல் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. நீதிமன்றங்கள் ஒரே திசையில் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023இல் வரி உண்டு என்ற பக்கம் நின்றது. கோவா பல்கலைக்கழக வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை 2025இல், இணைப்பு தருவது சட்டம் இட்ட கடமை, வணிகம் அல்ல என்றது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கல்லூரிகளுக்கு இது எட்டாத வழக்கல்ல. இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. 2021இல் விழுப்புரத்தில் டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டே அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டணம் போகும் இடம் மாறுகிறது, பதிவெண் மாறுகிறது, பழைய நிலுவை யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. ஒரு லட்சம் ரூபாய் இணைப்புக் கட்டணத்துக்கு 18,000 ரூபாய் வரி என்றால், கல்லூரி அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. ஏனென்றால் கல்லூரியின் கல்விச் சேவைக்கு வரியே கிடையாது. கடைசியில் அது கட்டண ரசீதில் வேறொரு பெயரில் மாணவரிடம் வந்துசேரும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பிரிவு அலுவலரின் மேசை

மேலே சொன்ன கோட்பாடுகள் எல்லாம் ஒரு மேசையில் வந்து இறங்குகின்றன. நிதி அலுவலரின் கீழ் பணிபுரியும் ஒரு பிரிவு அலுவலர், இரண்டு மூன்று உதவியாளர், வெளியிலிருந்து வந்துபோகும் ஆடிட்டர். பெரும்பாலும் இவ்வளவுதான் படை. காலாண்டுதோறும் டிடிஎஸ் (மூலத்தில் பிடித்த வரி) விவர அறிக்கை போக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஒப்பந்தக்காரரின் பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினால் வித்தியாசத் தொகைக்குக் கேட்பு வரும். விருந்தினர் விரிவுரையாளருக்குத் தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்று தீர்மானிக்க வேண்டும். பதிவுபெற்ற அறநிறுவனமாக விலக்குக் கேட்கும் கல்வி நிலையம் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கிவைப்பதானால் தனிப் படிவம், ஐந்தாண்டுக் கெடு. தணிக்கை அறிக்கை நேரத்துக்குள் மின்தளத்தில் ஏறாவிட்டால் விலக்கே ஆட்டம் காணும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் தணிக்கைத் தடைகள் தனி. அவற்றுக்குப் பதில் எழுதுவதும் பெரும்பாலும் இதே மேசைதான். அந்தத் தடைகள் தீராமல் தேங்கினால் மானியம் சிக்கும். மானியம் சிக்கினால் ஐம்பது விழுக்காட்டு விதி கழுத்தை நெரிக்கும். மேசையில் தேங்கும் ஒரு கோப்பு பல கோடி ரூபாய் வரியாக மாறக்கூடிய பாதை இதுதான். இந்தச் சங்கிலியை முழுவதும் மனத்தில் வைத்திருக்கும் ஊழியர் ஒருவர் இருக்கும் பல்கலைக்கழகம் கொடுத்துவைத்தது.

எதைப் பார்த்துச் சிறப்பிப்பது?

இந்த வேலைக்குத் தனிப் பாராட்டுத் தேவையில்லை என்பது அரசு அலுவலகங்களில் வேரோடிய முதல் கருத்து. சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டிய கடமை, அதற்கு மேல் என்ன என்பது அதன் சாரம். நேர்மையான வாதம்தான். ஆனால் கடமை என்ற சொல் தவறும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. கெடு தவறினால் மெமோ, பெரிதானால் 17-பி விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை. பத்தாண்டு தவறாமல் செய்தவரின் கோப்பில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. தண்டனைக்கு மட்டும் பதிவேடு வைத்திருக்கும் முறையை நடுநிலையானது என்று சொல்ல முடியாது.

மிச்சப்படுத்திய பணத்தை அளவுகோலாக்கலாம் என்பது இன்னொரு கருத்து. நிறுவனத் தலைவர்களுக்குப் பிடித்தது. எண் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் இதில் ஆபத்து மிகுதி. மிச்சம் எவ்வளவு என்பதில் சட்ட மாற்றத்தின் பங்கு எவ்வளவு, ஊழியரின் திறமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2024 அக்டோபரில் ஆராய்ச்சி மானியங்களுக்கு ஜிஎஸ்டி விலக்குக் கிடைத்தபோது நாடெங்கும் நிறுவனங்கள் பயனடைந்தன. சில மாதம் முன்பு டெல்லி ஐஐடிக்கு 120 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் போனதாக எழுந்த செய்தியும் விவாதமும் அதற்கு வழிகோலியிருக்கலாம். அந்த மிச்சத்தை எந்த ஊழியரின் கணக்கில் எழுதுவது? மேலும் தரவேண்டிய வரியைத் தராமல் விடுவதும் இந்த அளவுகோலில் சாதனையாகிவிடும். கட்டாத வரி வேறொரு பள்ளிக்கூடத்தின் கூரைக்குப் போயிருக்க வேண்டிய பணமாக இருக்கலாம். பொதுப் பணத்தில் வாழும் பல்கலைக்கழகம் இதை மறக்கலாகாது.

நோட்டீஸ் வராத கணக்கே நல்ல கணக்கு என்பாரும் உண்டு. தணிக்கையாளர்களின் பார்வை பெரும்பாலும் இது. இதிலும் ஓட்டை இருக்கிறது. ஏடிஎம் வாடகைகூட இல்லாத சிறு கல்லூரிக்கு நோட்டீஸ் வராமல் இருப்பது எளிது. பயந்துபோய், கட்டத் தேவையில்லாததையும் கட்டிவிடும் நிறுவனத்துக்கும் நோட்டீஸ் வராது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வழக்காடாமல் பணத்தைக் கட்டியிருந்தால் அதன் பதிவேடு சுத்தமாக இருந்திருக்கும். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு முன்னுதாரணத் தீர்ப்பு கிடைத்திருக்காது.

பிரிட்டனில் தழைத்த கருத்து வேறு வகை. அங்கே பல்கலைக்கழக நிதி இயக்குநர்களின் குழு ஒன்று இயங்குகிறது. வாட் வரி போன்றவற்றில் ஒரு பல்கலைக்கழகம் கற்றதை மற்றவற்றோடு பகிர அது களம் அமைக்கிறது. அதற்குத் தேவையும் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் முதலீட்டு நிர்வாகச் செலவின் மீதான வாட் வரியைத் திரும்பக் கேட்ட வழக்கில் 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அந்தத் தீர்ப்பின் விளைவு ஒரு வளாகத்தோடு நிற்கவில்லை. இப்படிப்பட்ட சூழலில், துறை முழுவதற்கும் பயன்படும் விளக்கத்தை எழுதியவர், புதியவருக்குப் பயிற்சி தந்தவர், அரசுக்குக் கோரிக்கை வரைந்தவர் ஆகியோரைச் சிறப்பிப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது. சக ஊழியரே சக ஊழியரின் அருமையை அறிவார். குறை என்னவென்றால், மேடையில் பேசத் தெரிந்தவரும் ஆலோசனை நிறுவனத்தாரும் முன்னால் வந்துவிடுவார்கள்; பேசாமல் கோப்பு பார்ப்பவர் பின்தங்குவார்.

இந்தியாவில் வரித்துறையில் மதிப்புப் பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. தேசிய பொது நிதி, கொள்கை நிறுவனத்தை 1976இல் தொடங்கியவரும், 1991இன் வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரும், சென்னைப் பொருளியல் கல்விக்கழகத்தை நிறுவியவருமான ராஜா செல்லையாவுக்கு 2007இல் பத்மவிபூஷண் கிடைத்தது. வருமான வரிச் சட்ட விரிவுரையால் புகழ்பெற்ற நானி பல்கிவாலாவுக்கும் அந்த விருது 1998இல் கிடைத்தது. சுங்க, மறைமுக வரி அலுவலர்களுக்குக் குடியரசு நாளில் குடியரசுத் தலைவரின் பாராட்டுச் சான்று உண்டு. வரி கட்டுவோருக்கும் அவர்கள் கட்டிய தொகையின் அளவுப்படி நேரடி வரிகள் வாரியம் 2016இல் பாராட்டுச் சான்று வழங்கத் தொடங்கியது. சிந்தித்தவர், வாதாடியவர், வசூலித்தவர், கட்டியவர் என எல்லாருக்கும் இடமிருக்கிறது. விலக்குப் பெற்ற பொது நிறுவனத்தின் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவர் இந்த நான்கிலும் சேரமாட்டார். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் நிதி மேலாண்மைக்கு ஒரு பகுதி இருக்கிறது. நிதி திரட்டல், தணிக்கை ஆகியவற்றோடு அதன் பார்வை ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இன்னும் தீராதவை

இந்த நிலைப்பாடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, மிச்சத் தொகையை அளவுகோலாக்குவது பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சக ஊழியர் மதிப்பீடும் நீண்டகால ஒழுங்கும் சேர்ந்த முறை குறைந்த தீங்குடையதாகத் தெரிகிறது. அதற்கு மேல் சொல்வதெல்லாம் அனுமானம்தான்.

கடினமான பகுதி காலம். விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகத்தின் வழக்கு 2004-05ஐ ஒட்டிய மதிப்பீட்டு ஆண்டுகளைப் பற்றியது. முடிவு வந்தது 2016இல். ஒரு வரி முடிவு சரியா தவறா என்று தெரியவரும்போது அதை எடுத்தவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். ஆண்டுதோறும் விருது தருகிறவர்கள், விளைவு தெரியாத வேலையை எதை வைத்து மதிப்பிடுவார்கள்? தோற்ற வழக்கிலும் அன்றைய நிலையில் நியாயமான முடிவை எடுத்தவர் இருக்கலாம் அல்லவா?

யார் பெயரைச் சொல்வது என்பதும் தீரவில்லை. படிவத்தில் கையெழுத்திடுவது பதிவாளரோ நிதி அலுவலரோ. வழக்கை நடத்துவது வழக்கறிஞர். கணக்கைச் சான்றளிப்பது ஆடிட்டர். மூல ரசீதுகளைத் தேடி அடுக்கியவர் உதவியாளர், சில இடங்களில் தொகுப்பூதியத்தில் இருப்பவர். தனிநபர் விருது இவர்களில் மேலே இருப்பவரிடம் போய்ச் சேரும் வாய்ப்பே அதிகம். சோழர் செப்பேடுகள் செய்ததுபோல் பங்கேற்ற அனைவரையும் பதவியோடு பெயர்சொல்லி ஆண்டறிக்கையில் பதிவது, பணிப்பதிவேட்டில் குறிப்பது ஆகியவை செலவில்லாத தொடக்கமாக இருக்கும். ஆனால் வரிப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற நிரந்தரப் பணியிடம் உருவாக்காமல் சான்றிதழ் மட்டும் தருவது அந்த ஊழியர்களுக்கு நியாயம் செய்வதாகாது என்ற எதிர்வாதமும் வலுவானது. இரண்டில் எது முதலில் என்பது மாநில அரசின் நிதிநிலையையும் பொறுத்தது.

சட்டமும் நின்ற இடத்தில் இல்லை. அறநிறுவனங்களுக்கான விலக்குகளை ஒரே தடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி 2024இல் தொடங்கியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் புதிய வருமான வரிச் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் மாறுகின்றன, படிவங்கள் மாறுகின்றன, பதிவுகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இணைப்புக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி தகராறில் வெவ்வேறு உயர் நீதிமன்றங்களின் கருத்துகள் முரண்பட்டு நிற்கின்றன. மானியம் குறையும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஐம்பது விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டி வேறு விலக்குப் பிரிவுக்கு எப்போது, எப்படி நகர வேண்டும் என்பதற்குப் பொது வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. அதை எழுதும் அனுபவம் சிதம்பரத்திலும் சென்னையிலும் திருநெல்வேலியிலும் தனித்தனி மேசைகளில் கிடக்கிறது. அந்த அனுபவத்தை ஓரிடத்தில் சேர்க்கும் பொறுப்பு உயர்கல்வித் துறையுடையதா, பல்கலைக்கழகங்களே கூடி ஏற்க வேண்டியதா என்பது முடிவாக வேண்டும்.